பதினொரு மணிக்குக் காத்திருக்கும் வீடு

ஸ்காபரோ, 2025 தை

அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து வட்ஸ்அப்பில் வரும்போது அங்கே காலை ஒன்பதே முக்கால், இங்கே இரவு பதினொன்றேகால். முருங்கைக்காய் வெட்டிக்கொண்டோ கீரை ஆய்ந்துகொண்டோதான் கதைப்பா. போன கிழமை கதையை நடுவில் நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டா.

"என்னடா அது, பின்னாலை ஹெலி மாதிரிச் சத்தம்?"

"உடுப்புத் தோய்க்கிற மெசின், அக்கா. பிழியுது."

"சாமத்திலையோ? பகல் முழுக்க என்ன செய்துகொண்டு இருந்தனீ?"

"பதினொரு மணி வரட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனாங்கள்."

கொஞ்ச நேரம் கத்திச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சொன்னா: "அப்பா இருந்திருந்தால் உனக்கு நூல் கட்டியிருப்பார்."

அக்காவுக்குச் சொன்ன விளக்கத்தை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஒன்ராறியோ மாகாணத்தில் கரண்டுக்கு ஒரே விலை கிடையாது. காய்கறிச் சந்தை மாதிரி, நேரத்துக்கு நேரம் மாறும். வீட்டுச் சுவரில் இருக்கும் ஸ்மார்ட் மீற்றர் எத்தனை யூனிற் எரித்தோம் என்பதோடு, எந்த மணியில் எரித்தோம் என்பதையும் எழுதி வைத்து, தானே வானொலி அலையில் அனுப்பிவிடும். மூன்று திட்டங்கள் உண்டு, விரும்பியதை எடுக்கலாம். பொதுவாக எல்லாருக்கும் கிடைப்பது நேரவாரித் திட்டம். 2024 நவம்பர் 1 முதல் அதில் மலிவு நேரம் யூனிற்றுக்கு 7.6 சதம், நடு நேரம் 12.2, உச்ச நேரம் 15.8 ஆக இருந்தது. குளிர்காலத்தில் உச்சம் காலை 7 முதல் 11 வரையும் மாலை 5 முதல் 7 வரையும். கோடையில் உச்சம் பகலுக்கு இடம் மாறிவிடும், ஏனென்றால் அப்போது ஊர் முழுக்கக் குளிரூட்டிகள் ஓடும். மணிக்கூட்டைப் பார்க்க விரும்பாதவர்களுக்குப் பழைய மாதிரிப் படிநிலைத் திட்டமும் இருக்கிறது: அந்தக் குளிர்காலத்தில் மாதம் முதல் 1,000 யூனிற்றுக்கு 9.3 சதம், அதற்கு மேல் 11 ஆக இருந்தது.

மூன்றாவது, 2023 மே மாதம் வந்த நள்ளிரவுத் திட்டம். 2024 நவம்பர் முதல் அதில் இரவு 11 முதல் காலை 7 வரை 2.8 சதமாக இருந்தது. இலவசம் மாதிரித்தான். ஆனால் வார நாட்களில் மாலை 4 முதல் 9 வரை 28.4 சதமாக இருந்தது, பத்து மடங்குக்கு மேல். பிள்ளைகள் பள்ளியால் வந்து, மனைவி வேலையால் வந்து, அடுப்பு மூட்டி, வீட்டுப்பாடம் செய்து, சாப்பிட்டு முடிக்கும் ஐந்து மணித்தியாலத்தைப் பொறுக்கி எடுத்து விலையை ஏற்றியிருக்கிறார்கள்.

மகன் மின்சாரக் கார் வாங்கினான். உடனே எங்கள் வீடு நள்ளிரவுத் திட்டத்துக்கு மாறியது. "அப்பா, கார் மாதம் 200 யூனிற் குடிக்கும். முந்தின திட்டத்தில் 15 டொலர் 20 சதம். இதில் 5 டொலர் 60 சதம்" என்று கைபேசியைக் காட்டினான். கணக்கு சரிதான். ஆனால் அவன் அடுப்பைக் கணக்கில் எடுக்கவில்லை. எங்கள் மின்சார அடுப்பு வார நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 3 யூனிற் எடுக்கும். மாதத்துக்கு 60. முன்பு அதே மாலை நேரத்தில் 9 டொலர் 48 சதம் ஆனது, மாறிய பிறகு 17 டொலர் 4 சதம். காரில் மிச்சம் பிடித்த 9 டொலர் 60 சதத்தில் 7 டொலர் 56 சதத்தைக் கறிச்சட்டி தின்றுவிட்டது. மீதி 2 டொலர் 4 சதம். அதற்கு ரிம் ஹோர்ட்டன்ஸில் ஒரு கோப்பி வாங்கலாம், சின்னக் கோப்பி.

ஆகவே சமையலை நகர்த்தினோம். "நகர்த்தினோம்" என்று பன்மையில் எழுதுவது நியாயமில்லை. என் மனைவி நகர்த்தினா. சனி, ஞாயிறுகளில் பகல் முழுக்க மலிவு விலை என்பதால் ஞாயிற்றுக்கிழமை நாலு நாளைக்கு மீன்குழம்பும் பருப்பும் வைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் அடுக்குகிறா. நாங்கள் வியாழக்கிழமை வரை ஞாயிற்றுக்கிழமையைச் சாப்பிடுகிறோம். ஒருநாள் பெட்டியை அறைந்து சாத்திவிட்டுச் சொன்னா: "மிச்சம் பிடிக்கிறது மீற்றராம். வேலை செய்யிறது நான்."

என் பங்கு உடுப்பு. ட்ரையர் ஒருமுறை ஓடினால் 3 யூனிற் அளவில் போகும், அந்த விலைகளில் மாலையில் போட்டால் 85 சதம், பதினொரு மணிக்குப் பிறகு 8 சதம் ஆனது. ஆனால் வீட்டார் நித்திரையாக இருக்கும்போது ட்ரையரை ஓடவிட வேண்டாம், தீப்பற்றலாம் என்று தீயணைப்புப் பிரிவினர் எச்சரிக்கிறார்கள். விலைப்பட்டியல் ஓடவிடு என்கிறது. இரண்டு பேர் சொல்லையும் கேட்க வேண்டுமென்றால் ஒருவர் விழித்திருக்க வேண்டும். அக்காவோடு நான் இவ்வளவு நேரம் கதைப்பதன் இரகசியம் அதுதான். அவவுக்கு இதைச் சொல்லவில்லை.

இந்த மீற்றர் எப்படி வந்தது என்பதற்கு ஓர் இருட்டுக் கதை உண்டு. 2003 ஆகஸ்ட் 14, பின்னேரம் நாலு மணி கழிந்து சில நிமிடம். ஒகையோ மாநிலத்தில் மின்கம்பிகள் தொய்ந்து மரங்களில் பட்டன, கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்க வேண்டிய மென்பொருள் பேசாமல் இருந்துவிட்டது. ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்து அமெரிக்காவின் வடகிழக்கிலும் ஒன்ராறியோவிலுமாக 5 கோடிப் பேர் இருளில் நின்றார்கள். எங்கள் தெருவில் வெள்ளைக்காரக் குடும்பங்கள் செய்வதறியாமல் வாசலில் நின்றன. தமிழ் வீடுகளில் ஒரு கலகலப்பு. 1990 இல் யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்றபோது வருடக்கணக்காக ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் ரேடியோ கேட்டவர்கள். ஓர் இரவு இருட்டு எங்களை என்ன செய்யும்? பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவருக்கு பார்பிகியூ அடுப்பில் தேத்தண்ணி வைத்துக் கொடுத்தோம். அவர் வானத்தைக் காட்டி, "இத்தனை நட்சத்திரம் இங்கே இருந்ததா?" என்றார்.

மாகாணம் அப்போது மின்சாரம் போதாமல் தவித்தது, நிலக்கரி நிலையங்களையும் மூடுவதாக வாக்குக் கொடுத்திருந்தது. 2004 இல் மாகாண முதல்வர் டால்ட்டன் மக்கின்டியின் அரசு, 2010க்குள் எல்லா வீட்டுக்கும் ஸ்மார்ட் மீற்றர் என்று அறிவித்தது. மாலை நேரத்து உச்சியைச் சனங்கள் தாங்களாகவே கொஞ்சம் மழுக்கினால் புது நிலையங்கள் கட்டும் செலவு குறையும் என்பது கணக்கு. பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 2008 பொருளாதாரச் சரிவில் தொழிற்சாலைகள் படுத்தன, மின்தேவை விழுந்தது. பஞ்சத்துக்கென்று செய்த மீற்றர் வீடு வந்து சேர்ந்தபோது மாகாணத்தில் மின்சாரம் மிஞ்சிக் கிடந்தது. 100 கோடி டொலர் ஆகும் என்று தொடங்கிய வேலை, 48 இலட்சம் மீற்றர் பூட்டி முடிய ஏறக்குறைய 200 கோடி ஆனதாக மாகாணக் கணக்காய்வாளர் நாயகம் 2014 இல் எழுதினார். நாட்டுப்புறங்களில் பல மீற்றர்களுக்கு அலையே எட்டவில்லை. பின்னர் அவற்றில் 36,000 வரை கைவிடப்பட்டு, பழையபடி மனிதர் போய் வாசிக்கும் நிலை வந்தது.

இரவில் ஏன் இவ்வளவு மலிவு என்பதற்குப் பதில் எங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. ஸ்காபரோவைத் தாண்டினால் பிக்கரிங் அணுமின் நிலையம். ஒன்ராறியோவின் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி அணுவிலிருந்து வருகிறது. உலையை அடுப்புப் போல இரவில் தணித்து விடியலில் கூட்ட முடியாது. ஊர் படுத்த பிறகும் அது அதே வேகத்தில் ஓடும், காற்றாலைகளும் சுழலும். மிஞ்சியதை நியூயோர்க்குக்கும் மிச்சிகனுக்கும் அடிமாட்டு விலைக்குக் கொடுத்த இரவுகள் பல. வெளியாருக்குக் கொடுப்பதை எங்கள் மெசினுக்குக் கொடுத்தால் என்ன என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். நல்ல யோசனைதான். அணு என்றாலும் இங்கே எல்லாரும் அதை "ஹைட்ரோ" என்றுதான் சொல்வார்கள், பில்லும் ஹைட்ரோ பில்தான். நூறு வருடத்துக்கு முன் சேர் அடம் பெக் என்ற சுருட்டுப்பெட்டி வியாபாரி நயாகராத் தண்ணீரிலிருந்து பொதுமக்களுக்கு மின்சாரம் கொண்டுவந்ததன் மிச்சம் அந்தச் சொல். தண்ணீர்ப் பெயரில் அணுவை எரித்துக்கொண்டு இருக்கிறோம். பிக்கரிங் நிலையத்திலிருந்து 10 கிலோமீற்றருக்குள் இருப்பவர்களுக்கு 2015 இல் அயடின் குளிசை அனுப்பினார்கள். எங்கள் சமையலறை லாச்சியில், பில்லுகளுக்கு அடியில் அது கிடக்கிறது.

இனி நான் சொல்லத் தயங்கும் பகுதிக்கு வருகிறேன். எங்கள் பேஸ்மென்ற்றில் ஒரு பெடியன் வாடகைக்கு இருக்கிறான். இரவு வேலை. வாடகையோடு ஹைட்ரோவும் சேர்த்தி, இரண்டு வீட்டுக்கும் ஒரே மீற்றர். வீட்டை எரிவாயு சூடாக்கினாலும் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பொத்தான் மேல்மாடியில் இருப்பதால் கீழே குளிரும். அவன் பகலில் நித்திரை கொள்ளும்போது ஒரு சின்ன ஹீற்றரைப் போட்டுக்கொள்வான். எழும்புவது நாலு மணிக்கு, சமைப்பது நாலரைக்கு. சமையல் எல்லாம் 28.4 சதத்தில். இரண்டு பில் பொறுத்தேன். மூன்றாவது பில்லோடு கீழே இறங்கினேன்.

"தம்பி, நாலு மணிக்கு முதல் சமைச்சு முடிக்கேலாதே?"

"அண்ணை, மூண்டரைக்கு எழும்பிச் சமைச்சால் நித்திரை ஆறு மணித்தியாலமும் இல்லை."

"இரவு பதினொண்டுக்குப் பிறகு எல்லாம் நல்ல மலிவு."

அவன் சிரித்தான். "அந்த நேரம் நான் வேலையிலை நிக்கிறன், அண்ணை."

எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. உச்ச நேரத்தை விட்டு விலகு என்று விலை சொல்கிறது. விலகுவதற்கு ஒரு மனிசியும், ஒரு ஞாயிற்றுக்கிழமையும், கராஜில் ஒரு காரும் வேண்டும். மூன்றும் இல்லாதவன் கொதிக்கிற விலையில் சோறு காய்ச்சுகிறான். பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மேலே வந்தேன். இந்த விஷயத்தில் எனக்கு ஆத்திரம் அரசின் மேலா, என் மேலா என்று இன்னும் தெரியவில்லை.

அக்கா இதைக் கேட்டுவிட்டு, "2022 இலை எங்களுக்குப் பதின்மூண்டு மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்தது. அப்ப எந்த நேரம் வருதோ அந்த நேரம்தான் மலிவு" என்றா.

மீற்றர் அனுப்பும் கணக்கை இணையத்தில் மணிவாரியாகப் பார்க்கலாம், ஒவ்வொரு மணிக்கும் ஒரு தூண். வீட்டார் எப்போது எழும்புகிறார்கள், எப்போது வெளியே போகிறார்கள் என்று இதைப் பார்த்தே சொல்லிவிடலாம் என அந்நாள் தனியுரிமை ஆணையாளர் ஆன் கவூக்கியன் 2009 அளவிலேயே எச்சரித்திருந்தார். அவர் நினைத்தது திருடர்களையும் வியாபாரிகளையும். கார் எவ்வளவு குடிக்கிறது என்று பார்க்கப் போன எனக்கு, விடியற்காலை நாலு மணியில் காருக்குச் சம்பந்தமில்லாத ஒரு தூண் தெரிந்தது. கார் ஏற்றாத நாளிலும் அது நின்றது. குளிர்சாதனப் பெட்டி பழுதோ, கீழே பெடியன் எதையாவது அணைக்க மறந்தானோ என்று ஒரு கிழமை சந்தேகப்பட்டேன்.

ஒருநாள் நாலு மணிக்கு அலாரம் வைத்து எழும்பிப் போனேன். சாமிப்படத்துக்கு முன்னால் அம்மா இருந்தா. காலடியில் ஹீற்றர். தேவாரம் ஒன்றும் பாடவில்லை, சும்மா இருந்தா. எத்தனை நாளாக என்று கேட்டேன். "அப்பா போன பிறகு இந்த நேரத்துக்கு முழிப்பு வந்திடும்" என்றா. ஆறு வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறோம், எனக்குத் தெரியாது. மீற்றருக்குத் தெரிந்திருக்கிறது.

சங்கடத்தோடு ஹீற்றரை அணைக்கப் போனா. "காசு கூடுதோடா?"

யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயைக் கரண்டியால் அளந்து போத்தலில் விட்டவ அம்மா. நாங்கள் படிக்கிற ஏழு முதல் ஒன்பது வரைதான் விளக்கு, அதற்குப் பிறகு திரியைக் குறைத்துவிடுவா.

"இல்லையம்மா. முழு நாளிலையும் மலிவான நேரம் இதுதான்."

"உண்மையாவோ?"

"உண்மையாத்தான். ரெண்டே முக்கால் சதம்."

அடுத்த கிழமை கணக்கைப் பார்த்தேன். நாலு மணித் தூண் இரு மடங்கு உயரமாக நின்றது.