கடல் ஒத்துவராதவன்

போன பங்குனியில் ஒஸ்லோவிலிருந்து மகள் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். ஈஸ்டர் விடுமுறைக்கு லொபோட்டன் தீவுகளுக்குப் போகிறாளாம். அவளுடைய நண்பனின் தகப்பனாருக்கு அங்கே ஒன்பது மீற்றர் நீளத்தில் ஒரு படகு இருக்கிறது. (நண்பன் என்ற சொல்லின் முழுப் பொருளையும் நான் இன்னும் விசாரிக்கவில்லை.) தையிலிருந்து சித்திரை வரை பேரன்ட்ஸ் கடலின் கொட் மீன்கள் முட்டையிடுவதற்காக அந்தத் தீவுகளை நோக்கி வரும். அவற்றைப் பிடிக்க இவளையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள்.

"அப்பா, படகிலை சத்தி வராமல் இருக்க என்ன செய்யிறது? உங்களுக்குத் தெரியும்தானே. நாங்கள் மீன்பிடிக்கிற ஆக்கள்."

கடைசி வசனத்தை இரண்டு மூன்று தரம் வாசித்தேன். என் அப்பாவின் முகத்தை அவள் படத்தில் மட்டுமே கண்டிருக்கிறாள். அவருடைய தொழிலை அவ்வளவு இலேசாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டுவிட்டாள். எனக்கு அது ஒருநாளும் முடிந்ததில்லை.

எங்கள் ஊர் மயிலிட்டி. அப்பாவிடம் மூன்றரைத் தொன் படகொன்று இருந்தது. பின்னேரம் போய் வலை போட்டு, விடியக் கரைக்கு வருவார்கள். 1976இல், எனக்குப் பதின்மூன்று வயதானபோது, பள்ளிக்கூட விடுமுறையில் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். மூத்த மகன் கடலுக்குப் போகிறான் என்று அம்மா புட்டும் மீன்குழம்பும் வயிறு முட்டத் தந்துவிட்டார். அதுதான் முதற் பிழை என்று இன்று தெரிகிறது. இரண்டாவது பிழை, குளிருக்குப் பயந்து நான் இயந்திரப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் ஒடுங்கிக்கொண்டது. கரையின் விளக்குகள் சிறுத்துப்போகும்போதே டீசல் புகையும் பழைய வலையின் நெடியும் சேர்ந்து தொண்டைக்குள் ஏறத் தொடங்கின. வாயில் உமிழ்நீர் ஊறியது. கொட்டாவி கொட்டாவியாக வந்தது. பிறகு நடந்ததை விவரிக்கத் தேவையில்லை. புட்டு முடிந்து, பித்தம் வந்து, அதுவும் முடிந்த பிறகும் ஓங்காளம் நிற்கவில்லை. செத்துப்போனால் நல்லது என்று நினைத்தேன். இந்த வருத்தம் வந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள் என்பது அப்போது தெரியாது.

அப்பா ஏசவில்லை. என்னைத் தூக்கிப் பின்பக்கம் இருத்தி, சுக்கானில் என் கையை வைத்தார்.

"உதைப் பிடி. அந்தா, காங்கேசன்துறை வெளிச்சவீடு. அதைப் பார். வேற ஒண்டையும் பாராதை."

அவ்வளவுதான் சொன்னார். வலை வளைக்கப் போய்விட்டார். முன்னால் அணியத்தில் இருந்த ஒருவர் சிரித்துக்கொண்டே, "சம்மாட்டியாற்றை பொடியனுக்குக் கடல் ஒத்துவராது போல" என்றார். எங்களூரில் இந்த வருத்தத்துக்குத் தனியாக ஒரு பெயர் சொல்லி நான் கேட்டதில்லை. ஒத்துவராது என்ற ஒரு சொல்தான் இருந்தது. அது வருத்தத்தைச் சொல்லவில்லை, ஆளைச் சொன்னது.

அடுத்த கிழமை மறுபடி போனேன், மறுபடி சத்தி. மூன்றாம் தரம் அப்பா என்னைக் கூப்பிடவில்லை. "நீ படி" என்றார். தம்பிமார் இரண்டு பேரும் பிறகு கடலுக்குப் போனார்கள். நான் படித்தேன். படித்தது தண்டனையா சலுகையா என்று பிரித்துச் சொல்ல முடியாமலே 1986இல் இங்குள்ள மக்கள் உயர்கல்லூரி ஒன்றுக்கு மாணவனாக வந்து சேர்ந்தேன்.

அந்தப் படிப்பு முடிந்ததும் எங்களில் பலரைப் போல நானும் வடக்கே, ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைக்குப் போனேன். போட்ஸ்ஃபியோர் என்ற ஊர். கார்த்திகைக் கடைசியிலிருந்து தை நடுப்பகுதி வரை சூரியன் எழாது. கத்தியும் வெள்ளை மேலங்கியும் இறப்பர்ச் சப்பாத்துமாக நாள் முழுக்க நின்று மீன் துண்டங்களில் முள் எடுத்தோம். கடலுக்குப் போகாமல் மீனோடு வாழ எனக்கு ஒரு வழி கிடைத்தது என்று நானே என்னைப் பகிடி பண்ணிக்கொள்வேன்.

தொழிற்சாலைக்கு மீன் இறக்க வரும் கிழவர் ஒருவரிடம் சிறிய படகொன்று இருந்தது. அந்த மாதிரிப் படகை இங்கு 'ஷார்க்' என்பார்கள், சுறாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1989 சித்திரையில், அவருடைய கையாள் காலை முறித்துக்கொண்டதால், இரண்டு நாளைக்கு ஒருவன் வேண்டும் என்று கேட்டு வந்தார். நான் மீன்பிடிகாரனின் மகன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். போனேன்.

ஃபியோர்ட்டின் வாயைத் தாண்டும் வரை ஒன்றும் இல்லை. தாண்டியதும் பேரன்ட்ஸ் கடலின் நீண்ட அலை படகைத் தூக்கித் தூக்கி வைத்தது. நான் குனிந்து மீனின் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தேன். குனிந்தபடி கைவேலை செய்வதைப்போல அந்த நேரத்தில் கெடுதலான காரியம் வேறில்லை. கால் மணி நேரத்தில் கத்தியைப் போட்டுவிட்டுப் படகின் விளிம்புக்கு ஓடினேன். தொங்கிக்கொண்டிருந்த என்னைக் கிழவர் இடுப்புப் பட்டியில் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார். ஒரு வாளியைக் காலால் தள்ளிவிட்டார்.

"இதுக்குள்ளை எடு. தொங்கி விழுந்தால் உன்னையும் நான்தான் தூக்க வேணும். உனக்குச் சந்தையிலை விலை இல்லை."

வேடிக்கையாகச் சொன்னாலும் அது வேடிக்கையில்லை. சித்திரையில் அந்தத் தண்ணீர் மூன்று நான்கு பாகைதான் இருக்கும். கைகால் விறைக்கச் சில நிமிடங்கள் போதும். சத்தி ஒருவரைக் கொல்வது அபூர்வம், சத்தி எடுக்கக் குனிந்து விழுவது கொல்லும்.

பிறகு அவர் தொப்பியைத் தூக்கி, காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த சிறிய வட்டத்தைக் காட்டினார். மருந்து ஒட்டு. நாற்பது வருடமாகக் கடலில் இருப்பவர். ஒவ்வொரு கோடை விடுமுறை முடிந்து இறங்கும்போதும் முதல் மூன்று நாள் தனக்கு இப்படித்தான் என்றார், காலநிலையைச் சொல்வதுபோல. இந்த முறையும் இரண்டு கிழமை படகு திருத்தத்தில் கிடந்ததாம், அதனால்தான் ஒட்டாம். என்னைக் கூட்டிப்போய்ச் சுக்கான் சில்லைக் கையில் தந்து, தூரத்தில் வெள்ளையாகத் தெரிந்த மலைமுனையைக் காட்டினார்.

"அதைப் பார். வேறொன்றையும் பாராதே."

வேறு மொழி, வேறு கடல். எனக்குப் பதில் வரவில்லை. அரை மணி நேரத்தில் வயிறு அமர்ந்துவிட்டது.

காரணத்தைப் பிறகு படித்து அறிந்தேன். உட்காதில் திரவம் நிரம்பிய அரைவட்டக் குழாய்கள் மூன்று இருக்கின்றன. உடல் ஆடுகிறது என்று அவை மூளைக்குச் சொல்லும். படகின் தளத்தையோ அறைச் சுவரையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண், ஒன்றும் அசையவில்லை என்று சொல்லும். இரண்டும் முரண்படும்போது மூளை குழம்புகிறது. நஞ்சு தின்றுவிட்டோம் என்று எண்ணித்தான் அது வயிற்றைக் கவிழ்க்கிறது என்று 1977இல் ஒருவர் விளக்கம் சொன்னார், அதை எல்லோரும் ஏற்கவில்லை. அடிவானத்தையோ அசையாத ஒரு விளக்கையோ பார்த்தால் கண்ணும் காதும் ஒத்துப்போகும். சுக்கான் பிடிப்பவனுக்கு அடுத்த அசைவு முன்கூட்டியே தெரியும், அதனால் அவனுக்கு இன்னும் குறைவு. இதில் பரம்பரைப் பெருமைக்கு இடமில்லை. ட்ரஃபல்கரில் வென்ற நெல்சனும் சத்தி எடுத்தவர்தான். டார்வின் பீகிள் கப்பலில் ஐந்து வருடமளவு எடுத்துக்கொண்டே உலகைச் சுற்றினார்.

2003இல், பாதை திறந்திருந்த காலத்தில், அம்மாவைப் பார்க்கப் போனேன். 1990இல் மயிலிட்டியை விட்டு எழும்பியவர்கள் பருத்தித்துறையில் ஓர் உறவினர் வீட்டில் இருந்தார்கள். அப்பா இறந்து ஒன்பது வருடம். அம்மா திண்ணையிலிருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நான் அந்த நோர்வேக் கிழவரின் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். அம்மா கத்தியை நிறுத்தாமல், "கொப்பருக்கும் அப்பிடித்தானே மோனை" என்றார்.

"என்ன அப்பிடி?"

"மாரி முடிஞ்சு தொழிலுக்கு இறங்கிற முதல் ரெண்டு மூண்டு நாள் ஒண்டும் வயித்திலை நிக்காது. இஞ்சியைச் சப்பிக்கொண்டு போவார். பார்சலைத் திறக்கமாட்டார், கரைக்கு வந்துதான் சாப்பாடு. சம்மாட்டி சத்தி எடுக்கிறான் எண்டு ஆருக்குச் சொல்லேலும்?"

மடிக்குள் இஞ்சித் துண்டு முடிந்துகொண்டு போவதை நானும் கண்டிருக்கிறேன். வெற்றிலை மாதிரி ஒரு பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

"அப்ப என்னை ஏன் மூண்டாம் தரம் கூட்டிக்கொண்டு போகேல்லை?"

அம்மா மீனைக் கழுவி மண்சட்டியில் போட்டார். "அதை நீ அவரிட்டையெல்லோ கேட்டிருக்க வேணும்."

ஆகவே மகளுக்குப் பதில் எழுத எனக்கு ஒரு முழு இரவு எடுத்தது. மாத்திரையைப் படகு ஆடத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை, புறப்பட ஒரு மணி நேரத்துக்கு முதலே போடு. அது நித்திரை தூங்கவைக்கும், தூண்டிற்கயிறு சுற்றும் இயந்திரத்துக்குக் கிட்டப் போகாதே. காதுக்குப் பின்னால் ஒட்டுவதென்றால் வைத்தியரைக் கேட்டுத்தான், ஐந்தாறு மணி நேரம் முன்னதாக. ஒட்டிய கையைக் கழுவாமல் கண்ணைத் தொட்டால் கண்மணி விரிந்து பார்வை மங்கும். மணிக்கட்டில் போடும் பட்டியில் எனக்கு நம்பிக்கையில்லை. காசை மிச்சம் பிடி. உன் அப்பப்பாவின் வெறும் வயிற்றையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன், காய்ந்த பாண் துண்டு இரண்டு சாப்பிடு. எண்ணெயும் பொரியலும் வேண்டாம். இஞ்சி கொண்டுபோ. படகின் நடுப்பகுதியில், காற்றுப் படும் இடத்தில் நில், புகை வரும் பக்கம் நிற்காதே. தொலைபேசியைப் பார்க்காதே. சத்தி வந்தால் வாளிக்குள் எடு, விளிம்பில் தொங்காதே. பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடி. சுக்கானைக் கொஞ்ச நேரம் தரச்சொல்லிக் கேள். முதல் நாள் இரவு பியர் வேண்டாம் என்று எழுதிவிட்டு, தகப்பன்மாதிரி எழுதுகிறேனே என்று யோசித்தேன். அழிக்கவில்லை.

கடைசியில், உன் அப்பப்பாவுக்கும் சத்தி வரும் என்று ஒரு வரி சேர்த்தேன். எங்கள் குடும்பத்தில் இதை முதன்முதலாக எழுத்தில் வைத்தவன் நான்தான்.

ஈஸ்டர் சனிக்கிழமை பின்னேரம் அவள் அழைத்தாள். காற்றிரைச்சலில் பாதி கேட்கவில்லை.

"ரெண்டு தரம் அப்பா. வாளிக்குள்ளைதான்."

"பிறகு?"

"பிறகு பதினொரு மீன். நாளைக்கும் போறன்."