மை சொன்ன உண்மை

ஒரு துளிக் கறுப்பு மையைக் காட்டி, இஃது என்ன நிறம் என்று வினவினால், சிறு பிள்ளையும் கறுப்பு என்றே விடை கூறும். அவ்விடை முழு உண்மையன்று என்பதை நாம் 20 ஆண்டுகளாகக் கல்லூரிக் கரும்பலகையில் எழுதிக் காட்டி வந்திருக்கின்றோம். ஆயினும், அதனை நம் வீட்டில் நம் கையாற் செய்து பார்த்தது சென்ற மார்கழி மழையிலேதான்.

கல்லடியில் ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமாக அமைந்தது நமது வீடு. மூன்று நாள் விடாது பெய்த மழையில் வெளியே செல்ல வழியின்றி, பத்து வயது மகள் நம்மைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அவளை இருத்துவதற்காகவே இச்சோதனையைத் தொடங்கினோம்.

வடிதாளை இரு விரல் அகலத்திற்கு நறுக்கினோம். அடியிலிருந்து 2 சென்ரிமீற்றர் உயரத்தில் பென்சிலாற் கோடிட்டு, அதன் நடுவே கறுப்பு நிறப்பேனையால் ஒரு பொட்டு வைத்தோம். தாளின் தலையை ஈர்க்கிற் கோத்து, நீருள்ள கண்ணாடிக் குவளைக்குள் தொங்கவிட்டோம். சிறிது நேரத்தில் பொட்டு மறைந்தது; குவளை நீர் மங்கலாயிற்று. பொட்டு நீருக்குள் மூழ்குமாறு நீரை நிறைத்தவர் ஆசிரியராகிய நாமேதான்! மகள் வாய்விட்டுச் சிரித்தாள்.

மறுமுறை ஒரு சென்ரிமீற்றர் அளவே நீர் விட்டோம். தாளின் நுனி மட்டும் நனைந்தது. நீர் மெல்ல மேலேறிப் பொட்டைத் தொட்டது; தொட்டதும் கறுப்பு கலையத் தொடங்கிற்று. நீலம் முன்னே ஓடிற்று. இளஞ்சிவப்பு அதன் பின்னே சென்றது. மஞ்சள் தயங்கி நின்றது. அரைமணி நேரத்தில், கறுப்பு என்று நாம் பெயரிட்ட ஒன்றினுள் மூன்று நிறங்கள் குடியிருந்தமை வெளியாயிற்று.

இதன் காரணம் எளிது. தாளின் நுண்ணிய நார்களுக்கிடையே நீர் தானே மேலேறும். நீரோடு மிகுதியும் ஒட்டும் சாயம் அதனுடன் விரைந்து செல்லும். தாளைப் பற்றிக்கொள்ளும் சாயம் பின்தங்கும். நீர் 10 சென்ரிமீற்றர் ஏறியபோது நீலம் 8 சென்ரிமீற்றர் ஏறியிருந்தது. ஆகவே, நீலத்தின் விகிதம் 0.8. அதே தாளும் அதே நீருமாயின், அந்தச் சாயம் ஏறக்குறைய அதே விகிதத்தையே காட்டும். இவ்வாறு நிறம் பிரிக்கும் முறைக்குக் குரோமற்றோகிராபி என்னும் பெயரை 1906ஆம் ஆண்டில் வழங்கியவர் சுவெத் என்னும் ருசியத் தாவரவியலாளர். அவருடைய பெயருக்கே ருசிய மொழியில் நிறம் என்பதுதான் பொருள். பின்னர் இத்துறையை வளர்த்த மாட்டின், சிங் என்னும் ஆங்கிலேயர் இருவர் 1952இல் நோபல் பரிசு பெற்றனர்.

"கோட்டை ஏன் பென்சிலால் இட்டீர்கள், அம்மா?" என்று மகள் கேட்டாள்.

"பென்சிலில் இருப்பது காரீயம். அது நீரிற் கரையாது, இட்ட இடத்திலேயே நிற்கும்" என்றோம்.

அவள் சற்றே சிந்தித்தாள். பின்பு அலுமாரியைத் திறந்து, அம்மப்பாவின் பழைய கொப்பியை எடுத்து வந்தாள். அதன் பக்கங்களில் நீலக்கறை பரவிக் கிடந்தது. ஆங்காங்கே பென்சிலாற் குறித்த சில இலக்கங்கள் மட்டும் தெளிவாய் நின்றன.

"அப்படியானால், இதைக் கடல்நீர்தான் அழித்ததா?"

நாம் உடனே விடை கூறவில்லை. திண்ணையில் நம் தாயார் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கல்லடியுட் புகுந்தது. வாவியைக் கடந்து படுவான்கரையில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தோம். சில நாட்களின் பின் இடிபாட்டினுள் இக்கொப்பி கிடைத்தது. சேறு படிந்திருந்ததேயன்றி எழுத்துகள் பெரும்பாலும் தெரிந்தன. இரசாயனத்திற் பட்டம் பெற்று ஓராண்டே ஆகியிருந்த நாம், சேற்றைப் போக்கும் அவசரத்தில் அதனைக் கிணற்றடியில் நன்னீர் வாளியில் அமிழ்த்தினோம். முன்னோர் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய மையாயின் தாளைப் பற்றி நின்றிருக்கும். இதுவோ நீரிற் கரையும் வெறும் நீலச்சாயம். தந்தையாரின் கையெழுத்து நம் விரல்களுக்கிடையே வழிந்தோடிற்று. தாயாரிடம், "கடல் அழித்துவிட்டது" என்றோம். அப்பொய்யை அன்றுவரை காத்து வந்தோம்.

மகளின் கையிலிருந்த தாளை நோக்கினோம். இனி மறைப்பதற்கு ஒன்றுமில்லை. "கடல் அன்று, நாமே கழுவினோம்" என்று தாயார் கேட்குமாறே சொன்னோம்.

பாக்குரலின் ஓசை நின்றது.

"அது எனக்குத் தெரியும், மனே. கிணற்றடி வாய்க்காலில் நீலத் தண்ணி ஓடினதை நானும் பார்த்தேன்" என்றார் அவர். "நீ அழுதுகொண்டு நின்றாய். பிறகு என்னத்தைக் கேட்கிறது?"

நாம் தலை குனிந்து நின்றோம். தாயார் கொப்பியை வாங்கி மடியில் விரித்தார். எழுத்தில்லாத முதற்பக்கத்தை விரலால் தடவினார்.

"இது வயற்கணக்கு. ஆருக்கு எத்தனை மூடை நெல்லுக் கொடுத்தது என்று எழுதியிருந்தவர். நான் சொல்லுறன், பிள்ளை எழுதட்டும்."

மகள் பேனையை எடுத்தாள். பிறகு அதனை வைத்துவிட்டுப் பென்சிலைத் தீட்டத் தொடங்கினாள்.