நீர் ஒன்று, வேலி நூறு!

2015 டிசம்பர்த் திங்கள். சென்னையில் நாம் குடியிருக்கும் தெருவில் முழங்கால் அளவு வெள்ளம். அடையாறு கரையை மீறிப் பாய்ந்தது. மாடியில் நின்று, "மழையே, போதும்!" என்றோம்.

2019 ஜூன் திங்கள். அதே தெரு, அதே நாம். கையிலே குடம், கண்ணிலே ஏக்கம்! பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் எனும் நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டு கிடந்தன. ஜூலை 12-ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் இரயிலேறி வந்தது. 25 இலட்சம் லிட்டர்!

குடங்களோடு நின்ற வரிசையிலே ஒரு பெரியவர் பெருமூச்செறிந்தார்: "எல்லாம் வருண பகவான் கோபம், தம்பி!" கோயில்களிலே மழை வேண்டி யாகங்களும் நடந்தன.

வருணன் மீதா வழக்கு? 2018-இல் பருவமழை குறைந்தது மெய்தான். ஆனால், சென்னைக்கு ஆண்டுதோறும் சராசரியாகக் கிடைக்கும் மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். இலண்டன் மாநகர் பெறுவதைவிட இருமடங்குக்கும் அதிகம்! மூழ்கடித்த நீரைக் கடலுக்கு அனுப்பிவிட்டு, வானத்தைப் பார்த்து வாய் பிளந்து நின்றோம். நீரைத் தாங்க வேண்டிய தாங்கல்களை மனைகளாக்கினோம். வெள்ளத்தை உள்வாங்கும் பள்ளிக்கரணைச் சதுப்பிலே குப்பையை மலையாய்க் குவித்தோம். பழி மட்டும் வானத்துக்கு!

செங்கற்பட்டுச் சீமையிலே நம் பாட்டனார் ஊர். அங்கே ஓர் ஏரி நிரம்பினால், உபரிநீர் கலிங்கு வழியே அடுத்த ஏரிக்குச் செல்லும். அது நிரம்பினால், அதற்கடுத்த ஏரிக்கு. மேலூரான் கால்வாயை அடைத்தால் கீழூரான் வயல் காயும். தமிழகமெங்கும் ஏறத்தாழ 39,000 ஏரிகள். அவற்றிலே பல இப்படிச் சங்கிலியாய்க் கோக்கப்பட்டவை. நீர் ஒன்று என்பதை அறிந்த அறிவு அது.

பழம்பெருமை பேசிப் பூரிக்கவா இதைச் சொல்கிறோம்? இல்லை, தோழர்களே! அந்த ஏரியின் மதகைத் திறந்து, வயலுக்கு வயல் முறை வைத்து நீர் பாய்ச்சியவர் சேரியைச் சேர்ந்த நீர்க்கட்டி. ஊருக்கே நீரளந்த அவர், தாகமெடுத்தால் நம் வீட்டு வாயிலிலே கை குவித்து நிற்பார், உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். ஊர்க்கிணற்றை அவர் தொடக்கூடாது! சிறுவராயிருந்த நாம் அதைக் கண்டோம், 'ஏன்?' என்று கேட்கவில்லை. அந்த வெட்கம் இன்றும் சுடுகிறது.

அன்று சாதி வேலி. அது முற்றிலும் ஒழிந்தபாடில்லை. அதற்குள் மற்றொரு வேலியும் முளைத்துவிட்டது. ஆற்றுக்கு ஓர் அலுவலகம், நிலத்தடி நீருக்கு ஒன்று, மழைநீர் வடிகாலுக்கு வேறொன்று, கழிவுநீருக்கு இன்னொன்று! ஒருவர் தோண்டியதை மற்றவர் அறியார். நீருக்குத் தெரியுமா இந்தக் கோப்புகளின் எல்லை?

1992-இல் டப்ளின் நகரில் கூடிய வல்லுநர்கள், ஆற்றுப் படுகை முழுவதையும் ஒன்றாகக் கொண்டு நிலத்தையும் நீரையும் சேர்த்தே ஆளவேண்டும் என்றனர். பயன்படுத்துவோருக்கும் முடிவெடுப்பதிலே இடம் வேண்டும் என்றனர். நீரைக் காப்பதிலே பெண்களுக்கு நடுநாயகமான பங்குண்டு என்றும் கூறினர். இதையே ஒருங்கிணைந்த நீர் மேலாண்மை என்கிறது உலகம். குடம் சுமப்பவள் பெண். திட்டம் தீட்டும் மன்றத்திலே அவளுக்கு நாற்காலி எத்தனை?

பிறரைச் சாடிவிட்டு நாம் தப்பிக்கலாமா? 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாயிற்று. நம் வீட்டிலும் குழாய் உண்டு, குழியும் உண்டு. ஆனால் வண்டி நிறுத்த இடம் வேண்டி, அந்தக் குழியின் வாயைச் சிமெண்டால் பூசியவர்கள் நாமே! குடத்தோடு வரிசையில் நின்ற அன்றுதான் அது நினைவுக்கு வந்தது. மறுநாள் கடப்பாரை எடுத்தோம், குழியைத் திறந்தோம்.

தோழர்களே! உங்கள் ஊர் ஏரியின் வரத்துக்கால்வாய் எங்கே தொடங்குகிறது? எவர் அதை மறித்தார்? எந்தத் தெருவுக்கு இன்னும் குழாய் வரவில்லை? நடந்து சென்று பாருங்கள், கண்டதைக் கணக்கெடுங்கள், கிராம சபையிலே கேளுங்கள். யாகத்துக்கு வானம் வளையாது. வேலிகளை நாம் பிடுங்கினால், பெய்யும் மழை நம்மோடு தங்கும்!