சாக்ஸ் போடக் கத்துக்கொடுத்தவர்

"ரெண்டு வருஷமா ஒரு கோப்பை கூட இல்லை, கோச்சை மாத்துங்க"ன்னு பையன் ஸ்கூலுக்குப் பெற்றோர் எல்லாம் சேர்ந்து கடிதம் கொடுத்தோம். நானும் கையெழுத்துப் போட்டேன். அவரும் போயிட்டார்.

அப்புறம்தான் ஜான் வுடனைப் பத்திப் படிச்சேன். அமெரிக்கக் கல்லூரி பாஸ்கெட்பால்னா முதல்ல வர்ற பேர். 2010-ல, 99 வயசுல காலமானார். லாஸ் ஏஞ்சலஸ்ல இருக்கற யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்கு 1948-ல கோச்சா வந்தவர். 1964-லேர்ந்து 1975-க்குள்ள 10 தேசியப் பட்டம், அதுல 7 தொடர்ச்சியா. நடுவுல 88 மேட்ச் தோல்வியே இல்லை!

எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. எனக்கு உறைச்சது வேற. முதல் தேசியப் பட்டம் வந்தது அவரோட 16-வது சீசன்ல! அதுவரைக்கும் மல்யுத்தம், ஜிம்னாஸ்டிக்ஸ் பசங்களோட பங்கு போட்டுக்கிட்ட பழைய ஜிம்தான். பயிற்சிக்கு முன்னாடி தரையை அவரே துடைப்பாராம். சீசனோட முதல் பாடம், சாக்ஸ் போடறது, ஷூ லேஸ் கட்டறது. சாக்ஸ்ல சுருக்கம் இருந்தா கொப்புளம் வரும், கொப்புளம் வந்தா ஆட முடியாது. லேஸுக்கு ரெண்டு முடிச்சு. அவ்வளவுதான்.

எங்க கோச்சும் முதல் மாசம் பந்தையே தொடவிடாம, நிக்கறது, திரும்பறது, குதிச்சு இறங்கறதுன்னே ஓட்டினார். அதையும் குற்றமாத்தான் கடிதத்துல எழுதியிருந்தோம்.

நேத்து பையன் விளையாடக் கிளம்பினப்ப பார்த்தேன். லேஸை இழுத்து ரெண்டு முடிச்சு போட்டுக்கிட்டு இருந்தான்.

"யாருடா சொல்லிக்கொடுத்தா?"

"பழைய சார்தான்ப்பா."