ஜாபர் பண்ணுவது யார்?

அடியேன் பி.காம். டெபிட், கிரெடிட் தவிர இங்கிலீஷ் அதிகம் தெரியாது. இருந்தும் பழவேற்காட்டில் நண்பர் வீட்டுக்குப் போனபோது, எட்டாவது படிக்கும் அவர் மகளுக்கு வாத்தியாராகும் ஆசை வந்துவிட்டது.

அன்றைய வார்த்தை 'ஜாபர்'. அடுத்தவருக்கு ஒன்றும் புரியாதபடி படபடவென்று பொரிந்து தள்ளுவது. வாக்கியத்தில் வைத்துக் காட்ட வேண்டாமா? காலையில் ஏரிக்கரையில் பார்த்த மீன் ஏலம் ஞாபகம் வந்தது. "தி விமன் ஜாபர் அட் தி ஃபிஷ் ஆக்‌ஷன்" என்றேன், பெருமையாக.

பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது.

"எங்கம்மாவும் அந்தக் கூட்டத்துலதான் மாமா இருந்தாங்க. இறால் கூடை என்ன விலை, வண்டிக் கூலி போக கையில என்ன நிக்கும்னு கணக்குப் போட்டுத்தான் கேப்பாங்க. ஒங்களுக்குப் புரியலேன்னா அது ஒளறலா?"

கணக்கு! நான் மூன்று வருஷம் முட்டி மோதிப் படித்ததை, அவள் அம்மா ஏலத்துக்கு நடுவே மூச்சுவிடாமல் போடுகிறார். 1613-ல் இங்கே கெல்டிரியா கோட்டை கட்டிய டச்சுக்காரர்கள் காதிலும் நம் பேச்சு 'ஜாபர்' என்றுதான் விழுந்திருக்கும். அவர்கள் பேச்சு நம் காதில் மட்டும் என்னவாம்?

"சரிம்மா, வேற வாக்கியம் நீயே சொல்லேன்."

யோசிக்கவே இல்லை. "மை அங்கிள் ஜாபர்ஸ் இன் இங்கிலீஷ்!"

கிராமர் கரெக்ட். அந்த 'எஸ்'ஸைக்கூட விடவில்லை, பாருங்கள்!