குதிரை ஏறுவோர்க்கும் தலைக்கவசம் வேண்டுமா?

(பதினொன்றாம் வகுப்பு மாணவியர்)

'எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம்' என்பது நம் முன்னோர் வாக்கு. இதை அறியாதார் எவருமிலர். ஆயினும், அந்தச் சிரசுக்குக் கவசம் வேண்டும் என்ற பேச்சு எழுந்தால் மோட்டார் சைக்கிளும் ஸ்கூட்டரும் மட்டுமே நம் நினைவிற்கு வருகின்றன. இவ்வாண்டு எங்கள் வகுப்பு இலக்கிய மன்றக் கூட்டத்திற்குத் தலைப்பொன்று தேடினோம். எங்கள் தமிழாசிரியை, "எல்லாரும் பேசிப் பேசித் தேய்ந்த தலைப்பு வேண்டாம். 'குதிரை ஏறுவோர் தலைக்கவசம் அணிய வேண்டுமா?' என்று வைத்துக் கொள்ளுங்கள்" என்றார். வகுப்பே சிரித்தது. "புதுக்கோட்டையில் குதிரைக்கு எங்கே டீச்சர் போவது?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, நம் மாவட்டத்தில் குதிரைக்குப் பஞ்சமே இல்லை என்பது. குளமங்கலத்தில் வில்லுனி ஆற்றங்கரையில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலின் முன்னே, 33 அடி உயரத்தில் முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரையை நம்மில் பலர் கண்டிருப்போம். மாசிமகத்தன்று அதற்குக் காகிதப்பூ மாலைகள் மலைபோல் வந்து குவியும். ஆவுடையார்கோயிலின் கதையோ குதிரையிலிருந்தே தொடங்குகிறது. பாண்டிய மன்னனுக்குக் குதிரை வாங்கப் புறப்பட்ட அமைச்சர் திருவாதவூரர், திருப்பெருந்துறையில் குருவைக் கண்டு மாணிக்கவாசகரானார் என்றும், அவர் பொருட்டு நரிகள் பரிகளாயின என்றும் கூறுவர். ஊர்தோறும் எல்லையில் நிற்கும் மண்குதிரைகளுக்கோ கணக்கில்லை.

இவையெல்லாம் கல்லும் மண்ணும் என்று தள்ளிவிட வேண்டாம். உயிருள்ள குதிரைகளும் உண்டு. திருவிழாக் காலங்களில் நம் மாவட்டத்துச் சாலைகளில் மாட்டுவண்டி எல்கைப் பந்தயத்தோடு குதிரை வண்டி எல்கைப் பந்தயமும் நடைபெறுவதை நாம் அறிவோம். சிறிய வண்டி, இரண்டே சக்கரம், கீழே தார்ச்சாலை. அதன்மேல் நின்றும் இருந்தும் ஓட்டிச் செல்லும் சாரதியின் தலையில் இருப்பதெல்லாம் ஒரு துண்டு. ஆகவே எங்கள் தலைப்பு வெறும் வேடிக்கைத் தலைப்பன்று என்று உணர்ந்தோம்.

நிற்க. இரு அணிகளாகப் பிரிந்து வாதிட்டோம். 'வேண்டாம்' என்ற அணியினர் முன்வைத்த காரணங்கள் எளிதில் புறந்தள்ளத்தக்கவை அல்ல. முதலாவதாக, குதிரை அறிவுள்ள பிராணி. பழகியவனைத் தள்ளிவிடாது என்றனர். இரண்டாவதாக, தேர்ந்த வீரனுக்குக் கவசம் எதற்கு என்றனர். மூன்றாவதாக, நம்மூர் வெயிலில் தலையை மூடிக்கட்டினால் மூச்சே முட்டிப்போகும். தலைப்பாகையே போதும் என்றனர்.

முதற் காரணத்தைக் கேட்டவுடன் எங்களுக்குக் கொடைக்கானல் சுற்றுலா நினைவிற்கு வந்தது. ஏரிக்கரையில் குதிரைக்காரர் ஒருவர், "ஏறுங்க பாப்பா, ஒரு ரவுண்டு போகலாம்" என்று அழைத்தார். எங்களுடன் வந்த சிஸ்டர், "பிள்ளைகள் விழுந்துவிட்டால்?" என்று கேட்டார். "இது ரொம்பச் சாதுங்க சிஸ்டர்" என்றவர், எங்கள் தலைக்கென்று ஒரு தொப்பியும் எடுத்துத் தந்தார். அது போட்டோ பிடிப்பதற்கான கௌபாய் தொப்பி! குதிரை சாதுவாகவே இருக்கட்டும். சாதுவான குதிரைக்கும் கால் இடறும் அன்றோ?

இடறியதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவைச் சேர்ந்த கோர்ட்னி கிங்-டை என்னும் பெண்மணி 2008ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் கலந்துகொண்டவர். 2010 மார்ச்சில் பயிற்சியின்போது அவர் ஏறியிருந்த குதிரை கால் இடறி விழுந்தது. அன்று அவர் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. மண்டையோடு உடைந்து, பல வாரங்கள் நினைவின்றிக் கிடந்தார். பிறகு நடக்கவும் பேசவும் புதிதாகப் பழக வேண்டியவரானார். குதிரை முரண்டு பிடிக்கவில்லை. வீராங்கனையிடம் திறமைக்குக் குறைவுமில்லை. முதல் இரண்டு காரணங்களுக்கும் இந்த ஒரு நிகழ்ச்சியே விடையாயிற்று.

எங்கள் அணியில் இயற்பியலில் கெட்டிக்காரி ஒருத்தி கரும்பலகையில் கணக்கொன்று போட்டுக் காட்டினாள். நடுத்தர உயரமுள்ள குதிரைமீது நிமிர்ந்து அமர்ந்திருப்பவரின் தலை, தரையிலிருந்து ஏறத்தாழ 2.4 மீட்டர் உயரத்தில் இருக்கும். குதிரை அசையாது நின்றாலும், அவ்வுயரத்திலிருந்து விழும் தலை தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்குக் கிட்டத்தட்ட 25 கிலோமீட்டர். நாங்கள் பாடப் புத்தகத்தில் படித்த அதே சூத்திரந்தான். குதிரை ஓடிக்கொண்டிருந்தால் அந்த வேகமும் சேர்ந்துகொள்ளும். 'நின்ற குதிரைதானே' என்பார்க்கு இதைவிட வேறென்ன சொல்ல?

தலை தரையில் மோதியதும் மண்டையோடு சட்டென்று நின்றுவிடுகிறது. உள்ளே நீரில் மிதப்பதுபோல் இருக்கும் மூளையோ உடனே நிற்பதில்லை. அது முன்சென்று ஓட்டில் மோதுகிறது. தலைக்கவசம் செய்யும் வேலை யாதெனில், அந்தச் 'சட்டென்று' என்பதைச் சற்றே நீட்டித் தருவதுதான். வெளிஓடு அடியைப் பரப்பிவிடுகிறது. உள்ளிருக்கும் தெர்மோகோல் போன்ற மெத்தை நசுங்கி, அதிர்ச்சியைத் தன்மேல் ஏற்கிறது. தான் நசுங்கித் தலையைக் காக்கும் அந்த மெத்தை மீண்டும் எழுவதில்லை. ஆதலால் பலமான அடி ஒன்றை வாங்கிய தலைக்கவசத்தை, பார்வைக்குப் புதிதுபோல் இருந்தாலும், மாற்றிவிட வேண்டும்.

தலைப்பாகையிலும் ஓரளவு மெத்தை உண்டு என்பது மெய்யே. ஆனால் அதற்கு வெளிஓடு இல்லை. தாடைக்குக் கீழே வாரும் இல்லை. விழும் மனிதன் தரையைத் தொடுமுன்னே அது வேறிடம் போய்ச் சேரும். நம் நாட்டுச் சட்டம் தலைப்பாகை அணியும் சீக்கியப் பெருமக்களுக்கு விலக்கு அளித்திருக்கிறதே என்று ஒருத்தி கேட்டாள். அவ்விலக்கு அவர்தம் சமயத்திற்குக் காட்டும் மரியாதை; தலைப்பாகை கவசத்திற்கு ஈடு என்பதற்கான சான்று அன்று. வெயிலைப் பொறுத்தவரை, குதிரையேற்றத்திற்கென்றே எடை குறைவாகவும் காற்றுப் புக வழி வைத்தும் செய்யப்படும் கவசங்கள் உள்ளன. மோட்டார் சைக்கிள் கவசத்தை அப்படியே எடுத்துக் குதிரைக்காரர் தலையில் கவிழ்ப்பது எங்கள் எண்ணமன்று.

உலகமும் இதை மெல்ல மெல்லத்தான் கற்றுக்கொண்டது. குதிரையைத் தாளம் தப்பாமல் நடத்திக் காட்டும் 'டிரெஸ்ஸாஜ்' போட்டியில் நெடுங்காலமாகக் கறுப்பு உயரத் தொப்பியே கௌரவமாகக் கருதப்பட்டது. சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம் 2021 ஜனவரி முதல் அப்போட்டியிலும் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. கௌரவம் குறைந்ததா? 2023 செப்டம்பர் 26 அன்று சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில், இந்திய அணி இதே போட்டியில் தங்கம் வென்றது. குதிரையேற்றத்தில் 1982க்குப் பின், 41 ஆண்டுகள் கழித்து வந்த தங்கம் அது! அணியிலிருந்த நால்வரில் சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங் ஆகிய இருவர் பெண்கள். அந்தப் பொற்பதக்கம் தலைக்கவசம் அணிந்த வீரர்கள் வென்றதே. கவசத்தால் அவர்கள் வீரம் ஒரு குன்றிமணியும் குறையவில்லை.

வீரம் என்றதும் எங்களுக்குப் புனித ஜோன் ஆஃப் ஆர்க் நினைவிற்கு வருகிறார். எங்கள் வயதையொத்த அந்தப் பெண், 1429ஆம் ஆண்டு ஜார்ஜோ என்னும் ஊரைப் பிடிக்க நடந்த போரில் மதில்மேல் ஏணி வைத்து ஏறும்போது, மேலிருந்து எறியப்பட்ட கல்லொன்று அவர் தலையைத் தாக்கியது. கீழே விழுந்தவர் எழுந்து நின்று படையை மீண்டும் ஊக்கினார். அவர் எழ முடிந்தமைக்கு இறையருளோடு தலையில் இருந்த இரும்புக் கவசமும் காரணம் என்றால் தவறாகாது. புனித சின்னப்பரும் எபேசியருக்கு எழுதிய திருமுகத்தில் மீட்பைத் தலைச்சீராவுக்கே ஒப்பிடுகிறார். காப்பதற்கு உவமை தேடியவருக்குத் தலைக்கவசம் கிடைத்தது பாருங்கள்!

மோட்டார் வண்டிக்கு வருவோம். அரேபியப் பாலைவனத்தில் ஒட்டகமேறிப் புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ், 1935 மே மாதம் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, ஆறாம் நாள் இறந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்தோருள் ஒருவரான ஹ்யூ கெய்ன்ஸ் என்ற மூளை அறுவை மருத்துவர், அதன்பின் இத்தகைய விபத்துகளை ஆராய்ந்து 1941இல் கட்டுரை வெளியிட்டார். அவ்வாண்டே பிரிட்டிஷ் இராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. நம் நாட்டில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு இதையே சொல்கிறது. தமிழகத்தில் 2007 ஜூனிலும், பின்னர் உயர் நீதிமன்ற ஆணையால் 2015 ஜூலையிலும் இது வற்புறுத்தப்பட்டது. ஆனால் அது மோட்டார் வாகனச் சட்டம். குதிரைக்கு அதில் இடமில்லை. எதிலிருந்து விழுந்தோம் என்பது சட்டத்திற்குத் தெரியலாம், தலைக்குத் தெரியுமா?

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கவசம் எல்லாவற்றையும் தடுத்துவிடாது. 'சூப்பர்மேன்' படங்களில் நடித்த கிறிஸ்டோபர் ரீவ், 1995இல் குதிரைப் போட்டியில் கவசம் அணிந்தே இருந்தார். தலைகுப்புற விழுந்ததில் கழுத்தெலும்பு முறிந்து, கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. தலைக்கவசம் கழுத்தைக் காக்க முடியாது. மூளையைக் காக்கும், அதுவும் முடிந்த அளவே.

எங்கள் விவாதத்தில் யாரும் எதிர்பாராதது ஒன்று கடைசியில் நடந்தது. 'வேண்டாம்' அணியின் இறுதிப் பேச்சாளராக எழுந்தவள், குதிரை வண்டிச் சாரதி ஒருவரின் தங்கை. அவள் அண்ணன் சில ஆண்டுகளுக்குமுன் பந்தயம் ஒன்றில் வளைவில் வண்டி கவிழ்ந்து, தார்ச்சாலையில் தலை மோதி, பெரிய ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்தவர். உயிர் பிழைத்தார். ஆனால் அன்றுமுதல் அவருக்கு வாசனையே தெரிவதில்லை. அம்மா வைக்கும் மீன்குழம்பும் வெந்நீரும் அவருக்கு ஒன்றே. குதிரைகளின் பெயரெல்லாம் சொல்வார். தங்கை எத்தனையாவது படிக்கிறாள் என்பதை வாரந்தோறும் கேட்பார். இதைச் சொல்லிவிட்டு அவள், "இருந்தாலும் நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன். சட்டம்னு வந்தா போலீஸ் வரும், கேஸ் வரும், அப்புறம் பந்தயமே கூடாதும்பாங்க. எங்க வீட்ல அந்தக் குதிரைதான் சோறு போடுது" என்றாள். வகுப்பு நெடுநேரம் அமைதியாக இருந்தது.

அவள் சொன்னதில் நியாயம் உண்டு என்பதை எங்கள் அணியும் ஒப்புக்கொண்டது. அபராதச் சீட்டு ஒன்றினால் மட்டும் ஒரு தலையைக் காத்துவிட முடியாது. அச்சம் ஒரு பிழைப்பையே கெடுத்துவிடவும் கூடும். ஆதலால் இரு அணியும் கூடி வேறொரு முடிவிற்கு வந்தோம். பந்தயத்தில் வென்றோருக்கு விழாக் குழுவினர் துண்டு போர்த்தி மரியாதை செய்வது வழக்கம். அதனோடு, பந்தயம் தொடங்குமுன்னே, ஓட்டும் ஒவ்வொரு சாரதிக்கும் குழுவினரே ஒரு தலைக்கவசத்தை அணிவித்து அனுப்பட்டும். முடிந்ததும் திரும்பப் பெற்று அடுத்த ஆண்டிற்கு வைத்துக் கொள்ளட்டும். பரிசுத் தொகையில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும். மரியாதையாகத் தலையில் ஏறுவதை எந்த வீரனும் மறுக்கமாட்டான்.

தலைமையாசிரியை சிஸ்டரின் இசைவு பெற்று, அவளுடைய ஊர் விழாக் குழுவினருக்கு வகுப்பின் சார்பில் கடிதம் எழுதியுள்ளோம். இம்மலர் அச்சுக்குச் செல்லும் நாள்வரை பதில் வரவில்லை. அனுப்புமுன் கடிதத்தை அவள் தன் அண்ணனுக்குப் படித்துக் காட்டினாளாம். அவர் முதலில், "குதிரைக்கும் ஒண்ணு கேட்டிருக்கியா?" என்று சிரித்தாராம். பிறகு சற்றுப் பொறுத்து, "ஓட்டுறவனுக்கு மட்டும் இல்ல, கூட வர்ற பயலுக்கும் சேத்து எழுதும்மா" என்றாராம். அவ்வாறே சேர்த்தோம்.

அவர் சொன்ன சொல் நம் ஒவ்வொரு வீட்டிற்கும் பொருந்தும். நம் பள்ளி வாயிலில் காலையில் வந்து நிற்கும் வண்டிகளைப் பாருங்கள். ஓட்டும் அப்பாவின் தலையில் கவசம். பின்னே ஒருபுறமாக அமர்ந்த அம்மாவின் தலையில் மல்லிகைப்பூ. நடுவே நாம், இரட்டைச் சடையும் ரிப்பனுமாக! நான்கு வயதிற்கு மேற்பட்ட எவரும் கவசம் அணிய வேண்டும் என்றே சட்டம் இன்று கூறுகிறது. பின்னால் இருப்பவருக்கும் தலை ஒன்றுதானே?

எனவே, அன்புள்ள பெற்றோரே, தோழியரே! குதிரையாயினும் குதிரை வண்டியாயினும் மோட்டார் வண்டியாயினும், ஏறுமுன் தலையை எண்ணுங்கள். எத்தனை தலையோ அத்தனை கவசம். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். வாரைத் தாடையில் இறுக மாட்டுங்கள். காவலருக்காக அன்று, மாலையில் வீடு திரும்பும்போது, 'எத்தனையாவது படிக்கிறாய்?' என்று கேட்க வேண்டிய நிலை எந்த வீட்டிலும் எவருக்கும் வாராதிருக்கும் பொருட்டே.