காற்றும் எண்ணெயும்

படுவான்கரையிற் பிறந்து, வாவியைக் கடந்து வந்து நம் கல்லூரியிற் பயின்ற எம்மை, விழா மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு ஆசிரியர் குழுவினர் பணித்தனர். கல்லூரியின் பெருமையை எடுத்துரைக்க எம்மினும் வல்லார் பலர் உளர். ஆதலின், இரசாயன வகுப்பிற் காதாற் கேட்டு, பின்னர்க் கொக்கட்டிச்சோலை வீதியிற் கருத்தாற் கற்ற ஒரு பாடத்தையே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

பெற்றோல் தானே எரிவதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடியே எரியும். நிறையளவில் ஒரு பங்கு பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். அஃதாவது, ஒரு லீற்றர் பெற்றோலுக்கு ஏறத்தாழ 9,000 லீற்றர் காற்று! வாகனம் எண்ணெய் குடிக்கின்றதென்று குறைப்படுகின்றோம். அது உட்கொள்வதிற் பெரும்பங்கு காற்றே என்பதை எண்ணுவதில்லை. இவ்விகிதத்திற் காற்று மிகின் கலவை மெலியும். எண்ணெய் மிகின் செறியும். மிகுந்த வலு வேண்டுமாயின் 12.5 முதல் 13 வரையான விகிதம் ஏற்றது. சிக்கனம் வேண்டுமாயின் 15 அல்லது அதற்குச் சற்று மேல். இவ்வளவையும் எம் ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். யாமும் எழுதிக்கொண்டோம்.

1990களிற் போரின் காரணமாக எரிபொருட் கட்டுப்பாடு நிலவியபோது, யாழ்ப்பாணத்தில் மொரிஸ் மைனர் முதலிய பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை முதியோர் மறந்திரார். மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் எளிதில் ஆவியாகாது. ஆதலாற் சில துளி பெற்றோலைக் கார்புரேற்றருள் விட்டு இயந்திரத்தை முடுக்கி, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். எம் பகுதியிலும் பெற்றோல் அருமையாகவே, யாமும் எம் மோட்டார்ச் சைக்கிளை அவ்வாறே ஓட்டினோம்.

ஓட்டியதோடு அமைந்தோமல்லேம். படித்தவர் என்னும் செருக்கினால், கார்புரேற்றரின் ஜெற்றுத் துளையை ஈயம் வைத்துச் சுருக்கி, போத்தலொன்றுக்கு முன்னிலும் அதிக தூரம் ஓடச் செய்தோம். அயலார் வியந்தனர். சிலருக்கும் அவ்வாறே செய்து கொடுத்தோம்.

ஒருநாள் மாலை, வயலில் நின்ற அயல்வீட்டு மாமாவை அரவம் தீண்டிவிட்டது. அவரை எமக்குப் பின்னால் இருத்தி, அவர் மைந்தன் அவரைத் தாங்கிக்கொள்ள, மண்முனைத் துறையை நோக்கி விரைந்தோம். அக்காலத்திற் பாலம் இல்லை. மண்முனைப் பாலம் 2014ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டது. பொழுது சாயுமுன் பாதையிலேறி வாவியைக் கடந்தாலன்றி மட்டக்களப்பு வைத்தியசாலையை அடைதல் அரிது. மூவரைச் சுமந்து முழுவேகத்தில் ஓடிய இயந்திரம் பாதி வழியில் ஓலமிட்டு இறுகி நின்றுவிட்டது. உதைத்தும் அசைந்திலது. அவ்வழியே வந்த மாட்டு வண்டிலில் மாமாவைக் கிடத்திச் சென்றோம். அவர் கண்ணிமைகள் மெல்லச் சோர்வதைப் பார்த்துக்கொண்டு வண்டிலின் பின்னே ஓடிய அந்த நேரத்தை எழுத்தில் அடக்க எமக்கு ஆற்றல் இல்லை. இறைவன் அருளாற் கடைசிப் பாதை எமக்காகக் காத்து நின்றது. மாமா பிழைத்தார். எம்மை ஒருநாளும் அவர் கடிந்ததில்லை. அதுவே எமக்குப் பெருந்தண்டனையாயிற்று.

பின்னர் இயந்திரத்தைப் பிரித்த முதிய மெக்கானிக் ஒருவர், வெந்து வெளுத்திருந்த பிளக்கையும் உராய்ந்து கீறுண்ட பிஸ்ரனையும் எம் கையில் வைத்து, “மனே, வயிற்றைக் குறைச்ச மாடு வண்டில் இழுக்குமா?” என்றார். கலவை மெலிந்தமையால் வெப்பம் ஏறிற்று. மண்ணெண்ணெய் கசிந்து மசகெண்ணெயும் நீர்த்திருந்தது. பாரமும் கூடவே பிஸ்ரன் விரிந்து இறுகிற்று. எழுத்துப் படியாத அவர் அறிந்ததை, எழுதிப் படித்த யாம் அறிந்திலேம். மறுநாளே யாம் சுருக்கிக் கொடுத்த ஜெற்றுகளையெல்லாம் வீடு வீடாகச் சென்று மாற்றினோம்.

அண்மையில் எம் மருமகன் முறையான இளைஞர் ஒருவர், ரேர்போ பூட்டிய சிறிய யப்பானியக் காரொன்றைக் கொணர்ந்து, அதன் காற்றழுத்தத்தைக் கூட்டியிருப்பதாகப் பெருமையோடு கூறினார். வெளியேறும் புகையின் விசையினாற் சுழன்று காற்றைத் திணிக்கும் இப்பொறிக்குச் சுவிற்சர்லாந்து தேயத்து அல்பிரட் பூக்கி 1905இல் உரிமம் பெற்றார். திணிக்கும் காற்று இருமடங்காயின் எண்ணெயும் இருமடங்காதல் வேண்டும். அன்றியும், அழுத்தம் மிக்கவிடத்து விகிதத்தை 11.5 அல்லது 12 வரை செறிவாக்குவர். மிகையான பெற்றோல் ஆவியாகி வெப்பத்தைத் தணித்து, கலவை காலமல்லாக் காலத்து வெடியாமற் காக்கும். “எண்ணெய்க் குழல்களை மாற்றினீரா, விகிதமானி பூட்டினீரா?” என வினவினோம். “இல்லை மாமா, நன்றாகத்தானே ஓடுகின்றது” என்றார். எம் மோட்டார்ச் சைக்கிளும் நன்றாகத்தான் ஓடிற்று, பாரம் ஏறும் வரை! அலுமினியம் 660 பாகையில் உருகுமென்பதை நினைவூட்டி, அன்றைய கதையையும் கூறினோம். அழுத்தத்தைப் பழைய நிலைக்குக் குறைத்த பின்னரே அவர் பாலத்தைக் கடந்து சென்றார்.

மாணவச் செல்வங்காள்! கரும்பலகையில் எழுதப்படும் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் ஓர் உயிர் இருத்தல் கூடும். எண்ணை எழுதிக்கொள்ளுதலோடு அமையாது, அதன் பொருளையும் உணர்ந்து கொள்வீராக. வாழ்க நம் கல்லூரி!